மோர்மிளகாயும் ஐந்து ஃபவுலும்

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது. டார்ம்ஸ்டாட்டில் எங்கள் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டும் கையுமாக நாங்கள் நாலு தமிழ்ப் பையன்கள் உட்கார்ந்திருந்தோம். அடுப்பருகே நின்றவர் கரண்டியைக் கீழே வைத்தார். எங்கள் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றார். வலது கையைக் காதோடு ஒட்டி நேரே மேலே தூக்கினார். மூன்று விநாடி இருக்கும். பிறகு கையை இறக்கிவிட்டு, "பத்து நிமிஷம் குடுங்க, ரசம் வெச்சிடறேன்" என்று புளியைத் தேடப் போனார்.

ஏதோ ஓட்டெடுப்பு நடக்கிறது போலிருக்கிறது என்று நானும் கையைத் தூக்கியிருந்தேன்.

"நீங்க எதுக்குங்க தூக்கறீங்க? ஃபவுல் என்னோடது" என்றார்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். கோயம்புத்தூர்க்காரர். ஊரில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேப்டன். எனக்கும் அவருக்கும் ஒரே பேராசிரியர், ஒரே வேதியியல் ஆய்வகம். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். உயரம் மட்டும் ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலம். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கூடைப்பந்து ஆடினீர்கள் என்று கேட்டவர்களிடம், "பந்து கீழதானுங்க தட்டணும்" என்பார்.

அந்தக் கைக்கு விளக்கம் பிறகு கிடைத்தது. அப்போதெல்லாம் கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. எதிராளியை இடித்தாலோ பிடித்தாலோ நடுவர் விசில் ஊதுவார். தப்புச் செய்தவர், கணக்கெழுதுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையைப் பார்த்துத் திரும்பி, கையை உயரத் தூக்க வேண்டும். நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தூக்காமல் நின்றால் எச்சரிக்கை. அதற்கும் மசியாவிட்டால் அது தனிக் குற்றம். இந்த மாதிரி ஐந்து ஃபவுல் ஆகிவிட்டால் அன்றைய ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை, பெஞ்சில் போய் உட்கார வேண்டும். இப்போது அந்த விதியை எடுத்துவிட்டார்களாம். தொலைக்காட்சியில் பார்க்கிறேன், விசில் ஊதியதும் இடித்தவனே இரண்டு கையையும் விரித்து, நானா, நானா என்று வானத்தைக் கேட்கிறான்.

கேப்டன் பந்தை விட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. விதியை விடவில்லை.

டிராமில் ஒருநாள் பயணச்சீட்டில் முத்திரை குத்த மறந்துவிட்டார். பரிசோதகர் முன்வாசலில் ஏறினார். நாங்கள் இருந்ததோ கடைசி இருக்கை. அடுத்த நிறுத்தத்தில் சத்தமில்லாமல் இறங்கியிருக்கலாம், நான் முழங்கையால் இடித்துச் சொல்லவும் செய்தேன். அவர் எழுந்து நின்று, கையைத் தூக்கிவிட்டார். டிராம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரிசோதகருக்கே கூச்சமாகிப் போய், அவசரம் அவசரமாக அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இன்னொரு முறை, ஆய்வகத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் கேப்டனின் வரைபடம் ஒன்றைப் பாராட்டிக்கொண்டிருந்தார். பாராட்டு என்பது அந்த மனிதரிடமிருந்து அமாவாசைக்கு அமாவாசை வருவது. நடுவில் கேப்டனின் கை எழுந்தது.

"யா, பிட்டே?" என்றார் பேராசிரியர். கேள்வி கேட்கிறார் என்று நினைத்து, சொல்லுங்கள் என்கிறார்.

"கேள்வி இல்லை. இரண்டாவது வளைவு தப்பு. நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். தப்பு என்னுடையது."

எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்ததற்குக் காரணம் அந்தக் கை அல்ல, அதை இறக்கிய பிறகு அவர் இருந்த விதம். இறக்கிய கையோடு விஷயத்தையும் இறக்கி வைத்துவிடுவார். அன்று மாலையே அந்த வளைவை மறுபடி வரைந்துகொண்டு, ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் நண்பனின் பேனாவை உடைத்ததுகூட இன்றைக்கும் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கும். ஆனால் வெளியே சொல்ல வாய் வராது. உள்ளே வைத்துப் புழுங்குவேன். இரண்டில் எது நல்ல குணம் என்று வெகுநாள் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் எனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

"இதெல்லாம் ஊர்ல சரிங்க" என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். "அங்க அஞ்சு ஃபவுல். இங்க நமக்கு ஒண்ணுதான். ஸ்காலர்ஷிப் போச்சுன்னா விசா போச்சு, விசா போச்சுன்னா ஃப்ளைட்டு."

அவர் மறுக்கவில்லை. யோசித்துவிட்டு, "இருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

இனி மோர்மிளகாய்க்கு வர வேண்டும். வராமல் தப்பிக்கலாமா என்று இவ்வளவு நேரம் சுற்றிப் பார்த்தேன்.

எங்கள் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்க ஒரு துருக்கிப் பெண்மணி வருவார். வயது நாற்பது இருக்கும், பூப்போட்ட தலைத்துண்டு, ஜெர்மன் மொழியில் முப்பது சொற்கள். அவருடைய பாஷையில் அக்காவுக்கு என்ன சொல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கேப்டன் அவரை "அப்லா" என்று கூப்பிடத் தொடங்கினார், பிறகு நாங்களும். ஜெர்மன்காரர்கள் அவரை எப்படியும் கூப்பிடவில்லை. அந்த வருடம், எழுபத்தொன்றாம் வருடம், செப்டம்பர் தொடக்கத்தில் அப்லா எனக்கு ஒரு பை நிறையப் பச்சைமிளகாய் கொண்டுவந்து கொடுத்தார். தம்பியின் தோட்டத்தில் காய்த்ததாம். பச்சைமிளகாயைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஒரு முடிவெடுத்தேன். மோர்மிளகாய் போடுவது.

கீறி, உப்பிட்டு, தயிரில் மூன்று நாள் ஊறவைத்தாயிற்று. காயவைக்க வெயில்? ஜன்னலுக்கு வெளியே தூறல். ஆய்வகத்திலோ அருமையான உலர்த்தும் அடுப்பு ஒன்று இருந்தது. குமிழைத் திருப்பினால் எந்த ஊர் வெயில் வேண்டுமோ அந்த ஊர் வெயில். அதன் மேல்தட்டில் டீட்டர் என்ற ஜெர்மன் மாணவன் தன் மாதிரிகளை, காகிதம் போல மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை, நாற்பது டிகிரியில் மூன்று வாரமாக மெதுவாகக் காயவைத்துக்கொண்டிருந்தான். கீழ்த்தட்டு காலி. சனிக்கிழமை ஆளில்லாத நேரத்தில் மிளகாய்த் தட்டைக் கீழே வைத்தேன். நாற்பது போதாது, நம் ஊர்ச் சித்திரை மாதம் வேண்டும் என்று குமிழை அறுபதுக்குத் திருப்பினேன். ஞாயிறு சாயங்காலம் சுக்காகக் காய்ந்த மிளகாயை எடுத்துக்கொண்டு ராஜா மாதிரி வந்தேன். குமிழைப் பழையபடி திருப்பி வைக்க மறந்தேன்.

திங்கட்கிழமை காலை டீட்டரின் தகடுகள் அப்பளம் போலச் சுருண்டு கிடந்தன. அவன் கத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். குமிழ் அறுபதில் நிற்கிறது. அடுப்புக்குள் ஒரு புளித்த வாடை. கட்டடப் பொறுப்பாளர் வந்து மோந்து பார்த்து ஒரு நிமிடத்தில் துப்புத் துலக்கிவிட்டார். சனிக்கிழமை காலை துடைக்க வந்தவள் யார்? வினிகர் போட்டுத் துடைத்திருக்கிறாள். துடைக்கும்போது குமிழைத் திருப்பிவிட்டாள்.

"இஷ் நிஷ்ட், இஷ் நிஷ்ட்" என்றார் அப்லா. நான் இல்லை. முப்பது சொற்களில் அந்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பொறுப்பாளர் குறிப்பேட்டை மூடிக்கொண்டே, முதல் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்லாவுக்கும் எங்களைப் போலத்தான். வேலை போனால் அனுமதிச் சீட்டும் போகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே அறையில், நாலு அடி தூரத்தில் நின்றன. நான் சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுத்தமான குழாய்தான், மறுபடியும் கழுவினேன்.

அதைவிட வெட்கம், வியாழக்கிழமை அந்த மிளகாயை நான் வறுத்தது. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள எல்லோருக்கும் வைத்தேன். கேப்டன் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "எங்க அம்மா கைப்பக்குவமுங்க" என்றார். இன்னொன்று எடுத்தார். அப்புறம் இன்னும் இரண்டு. பிறகு ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தார்.

"இந்த மழையில எங்கீங்க காயவெச்சீங்க?"

"ரேடியேட்டர் மேல."

கேப்டன் தட்டைக் கழுவப் போகிற வழியில் சுவரோரத்து ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லிட்டிருந்திருக்கும். விடுதியில் அக்டோபர் பிறக்காமல் சூடு போட மாட்டார்கள். கையை எடுத்தார், தட்டைக் கழுவினார், போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மறைத்தது தயிர்சாதத்தில்.

அடுத்து வந்த சனிக்கிழமைக்கு முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் அந்த வருடம் மேற்கு ஜெர்மனியில் நடந்தது. சில ஆட்டங்கள் எஸ்ஸெனில், சில ஆட்டங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருக்கும் பேப்லிங்கனில். செய்தித்தாளின் மூலையில் நாலு வரியாக வந்ததைக் கேப்டன்தான் கண்டுபிடித்துக் கத்தரித்து அடுப்படியில் ஒட்டியிருந்தார். ரயிலில் போகும்போது அவர் மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அந்த இரண்டரை மணி நேரமும் என் நெஞ்சு ரயிலைவிடச் சத்தமாக ஓடியது.

அரங்குக்குள் போனதும் கேப்டன் வேறு ஆளாகிவிட்டார். இவ்வளவு உயரமான மனிதர்களை இவ்வளவு பேராக நான் பார்த்ததில்லை. எல்லோரும் கூடையைப் பார்க்க, அவர் மட்டும் மேசையைப் பார்த்தார். மேசையில் இருந்தவர் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எண் எழுதிய சின்ன அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அந்த ஆட்டக்காரருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று. "பாருங்க, பாருங்க, எவ்வளவு அழகா தூக்கறான் கையை!" என்பார் கேப்டன். பந்து கூடையில் விழுந்ததைக்கூடக் கவனிக்க மாட்டார்.

எந்த இரண்டு அணிகள் என்று சொன்னால் யாராவது ஏட்டை எடுத்துப் பார்த்து என்னைத் திருத்துவார்கள், அதனால் சொல்லவில்லை. பெரிய அணிகள் அல்ல. கடைசி நிமிடங்கள், இரண்டு அணிக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. பின்தங்கியிருந்த அணியில் சுருட்டைமுடிக்காரன் ஒருவன் ஒற்றையாளாக ஆட்டத்தை இழுத்து வந்திருந்தான். அவனுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். கூடைக்கடியில் ஒரு தள்ளுமுள்ளு, விசில். நடுவர் கை நீட்டியது அவன் பக்கத்தில் நின்ற சக ஆட்டக்காரனைப் பார்த்து. இந்தப் பையனுக்கு இரண்டோ மூன்றோதான் இருந்தது, நஷ்டமில்லை. அரங்கு முழுக்க அப்பாடா என்று மூச்சு விட்டது.

சுருட்டைமுடிக்காரன் மேசையைப் பார்த்துத் திரும்பினான். கையைத் தூக்கினான்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பயிற்சியாளர் துண்டைத் தரையில் அடித்தார். மேசையில் ஐந்து என்ற அட்டை எழுந்தது.

"முட்டாள்" என்றேன் நான். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கேப்டன் அழுதுகொண்டிருந்தார். துடைக்கவும் இல்லை. "அங்க பாருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். "வெளிய அனுப்பிட்டாங்க. ஆனா வீட்டுக்கு அனுப்பலீங்க. எப்படி உக்காந்திருக்கான் பாருங்க."

பார்த்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். தப்புச் செய்யாத மற்ற பையன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினான். அவர்கள் அணி தோற்றது, மூன்று புள்ளியில். எனக்கு அந்தத் தோல்வி நினைவில்லை, அந்த ஆரஞ்சுதான் நினைவிருக்கிறது. ஐந்து நாளாக நான் வாயில் வைத்தது எதுவும் எனக்கு ருசிக்கவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டம். பேராசிரியர் அந்த வாரத்து வேலைகளைப் பட்டியலிட்டுவிட்டு, "வேறொன்றுமில்லை என்றால்..." என்று காகிதங்களை அடுக்கினார். நான் கையைத் தூக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதிதான் தூக்கினேன். அப்புறம் அது சரியில்லை என்று பட்டது. எழுந்து நின்று, காதோடு ஒட்டி, நேராக.

"யா, பிட்டே?"

மோர்மிளகாயை ஜெர்மன் மொழியில் சொல்வது பெரும்பாடு. தயிரில் ஊறிய, உப்பிட்ட, காய்ந்த மிளகாய் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். அறுபது டிகிரி என்றேன். அப்லா குமிழைத் தொடவே இல்லை என்றேன். மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீட்டர் சிரிக்கவில்லை. ஃப்ளைட்டில் ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்றெல்லாம் புத்தி போயிற்று.

அப்போது எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். கேப்டன் எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தார்.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும்" என்றார். "நாலு நாள் பேசாமல் இருந்தேன். அது என் ஃபவுல்." கொஞ்சம் நிறுத்தி, "நாலு மிளகாய் தின்றேன். அதுவும்" என்றார்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நோஹ் யேமாண்ட்?" என்றார். வேறு யாராவது உண்டா?

யாரும் இல்லை. அவர் எழுந்து, நேரே கட்டடப் பொறுப்பாளரின் அறைக்கு நடந்தார். அந்த வழுக்கைத் தலை தாழ்வாரத்தில் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. அப்லா முதல் தேதிக்குப் பிறகும் வந்தார். என்னை யாரும் ஃப்ளைட் ஏற்றவில்லை. அடுத்த ஈஸ்டர் வரை சனி ஞாயிறுகளில் எனக்கு ஆய்வகச் சாவி கிடையாது. டீட்டரின் தகடுகளை மறுபடி வார்த்துக் கொடுக்கும் வேலை முழுக்க என்னுடையது. அவ்வளவுதான். பெஞ்சு.

"தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தீங்க?" என்று படிக்கட்டில் கேப்டனைக் கேட்டேன்.

"அடுத்தவங்க கையை நாம தூக்க முடியாதுன்னு நெனச்சேனுங்க. இன்னிக்கு நீங்க தூக்கலைன்னா நானே சொல்லிடலாம்னு இருந்தேன். ஆனா அந்த நாலு நாளும் தூங்காதது நீங்களும் இல்ல, நானும் இல்ல. அப்லா." முதல் தடவையாக, கையை இறக்கிய பிறகும் அவர் முகம் இறங்கியே இருந்தது. அன்றுதான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்லாவிடம் இருவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். "குட்" என்றார், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மன்னித்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் என் மேசைக்கு அடியில் மட்டும் துடைப்பம் இடி இடித்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஜன்னலில் முதல் பனி ஒட்டிய ஒரு மாலை. நான் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாளி சாய்ந்து என் இரண்டு காலணிகளும் நனைந்துபோயின. நிமிர்ந்தேன். அப்லா ஒரு கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். தற்செயலா, வேண்டுமென்றேயா, இன்று வரை எனக்குத் தெரியாது. முகத்தில் சிரிப்பில்லை. என்னைப் பார்த்து முழுதாகத் திரும்பி, துடைப்பம் இல்லாத கையைக் காதோடு ஒட்டி, நேரே மேலே தூக்கினார்.

யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. எதிர் மேசையில் கேப்டன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கெழுதுகிறவர் அட்டையைக் காட்டுவது போல, அப்லாவைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஒன்று. இன்னும் நாலு பாக்கி.